மாயூரம் தாலுக்கா, தஞ்சாவூர் ஜில்லா

என் பெரியப்பா, தான் பிறந்த வீட்டிலேயே இன்றுவரை குடியிருக்கிறார். பட்டாளத்தில் இருந்த பதினாறு ஆண்டுகளைத் தவிர, மஞ்சளாற்றங்கரையில் இருக்கும் அந்த ஓட்டு வீட்டை விட்டு அவர் வேறெங்கும் குடிபோனதில்லை. ஆனால் 1963-ல் அவர் படையில் சேர்ந்தபோது ஓர் எழுத்தர் படிவத்தில் எழுதிக்கொண்ட முகவரியில், ஊர்ப் பெயரைத் தவிர மற்ற எந்த வரியும் இன்று உயிரோடு இல்லை. மாயூரம் தாலுக்கா, தஞ்சாவூர் ஜில்லா, மதராஸ் ராஜ்யம் என்று அதில் இருக்கிறது. 1969-ல் மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு ஆயிற்று. 1982-ல் மாயூரம் மயிலாடுதுறை ஆயிற்று. 1991-ல் தஞ்சாவூரைப் பிரித்தபோது எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதும் அங்கிருந்தும் கழன்றுகொண்டது. அவர் சேர்ந்த காலத்தில் பின்கோடு என்ற ஒன்றே கிடையாது. அது 1972 ஆகஸ்ட் 15-ல்தான் நடைமுறைக்கு வந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அரசாங்கம் சொல்வதற்கு இத்தனை காரணங்கள் போதும்.

அவர் கேட்பது பணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. எண்பது வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள் என்று அவருக்குத் தெரியாது. யாரும் கேட்காமலேயே அது ஒரு மாதம் கணக்கில் வந்து விழுந்தது. எண்பத்தைந்தில் 30 சதவீதம், தொண்ணூறில் 40 என்று அது ஏறிக்கொண்டே போய், நூறு வயதில் முழு ஓய்வூதியமும் இரட்டிப்பாகும் என்று நான் விளக்கியபோது, "நூறு வயசு வரைக்கும் என்னை வெச்சிருந்து என்னடா பண்ணப்போறாங்க" என்றார். 1971 டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரின்போது தான் எங்கே இருந்தேன் என்பது, படையை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. அது எழுதப்பட்டால், கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு உரிய பூர்வி ஸ்டார் என்னும் வெண்கல நட்சத்திரமும் அதன் பின்னால் வரும். வராவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் சொல்கிறார். அதை நான் முழுவதும் நம்பவில்லை.

அவர் பணியாற்றிய படைப்பிரிவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "சோறு போட்ட இடம்டா அது" என்பது அவருடைய வாதம். ஆகவே அதை எழுதவில்லை. அவர் டிரைவர் எம்.டி., அதாவது படை வாகன ஓட்டுநர், நாயக் பதவியில் 1979-ல் ஓய்வு பெற்றவர் என்பது போதும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். காகிதம் கேட்கும் மேசையின் அந்தப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவன். ஒரு மனிதர் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே, அவர்தான் அவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டவன். எனவே இந்தக் கட்டுரையில் யாரையும் வில்லனாக்கும் உரிமை எனக்குக் கிடையாது.

2021-ல், அந்தப் போரின் பொன்விழா ஆண்டில், பக்கத்து நகரம் ஒன்றில் 1971 போர் வீரர்களுக்குப் பாராட்டு விழா ஒன்று நடந்தது. ஊரில் யாரோ சொல்லித் தெரிந்து, பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு, ரிப்பன் பட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இளைஞர் பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பதக்கங்கள் பக்கத்தைப் பிரித்தார். 1965-க்கான ரக்ஷா மெடல் இருந்தது. 1972-ல் சுதந்திர வெள்ளிவிழாவுக்காக அப்போது பணியில் இருந்த அனைவருக்கும் அளிக்கப்பட்ட பதக்கம் இருந்தது. ஒன்பதாண்டுச் சேவைப் பதக்கம் இருந்தது. 1971-க்கு எதுவுமே இல்லை. "ஐயா, நீங்க அப்ப பீஸ் ஸ்டேஷன்ல இருந்திருக்கீங்க" என்று, அதாவது போர் இல்லாத அமைதிப் பகுதியில் இருந்ததாக, அந்த இளைஞர் மிக மரியாதையாகத்தான் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார். பெரியப்பா சாப்பிடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை; வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "நாப்பத்திரண்டு வருஷமா அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லையேடா" என்றார். ஓய்வு பெற்று வரும் நாளில், ஊருக்குப் போகும் ரயில் வாரன்ட்டை ஒரு கையிலும் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தை இன்னொரு கையிலும் கொடுத்து, கையெழுத்துப் போடு என்றால் யார் படித்துப் பார்ப்பார்கள்?

பதக்கம் கைக்கு வராததை அவர் இத்தனை ஆண்டுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கும் காரணம் உண்டு. உண்மையான பதக்கங்கள் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆவதும், அதுவரை படைவீரர்கள் கடையில் வாங்கிய நகல்களைச் சட்டையில் குத்திக்கொள்வதும் நம் படைகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ரக்ஷா மெடலும் அவர் கைக்கு வந்ததில்லை, ரிப்பன்தான் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒருநாள் தபாலில் வரும் என்று அவர் நினைத்திருந்தார். ஒன்று தாமதமாகிறது என்பதற்கும், ஒன்று புறப்படவே இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

என்ன நடந்தது என்பதை அவர் வாயிலிருந்து துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது. 1971 நவம்பரில் அவருடைய யூனிட் வடக்கே ஓர் அமைதிப் பகுதியில் இருந்தது. கிழக்கே வண்டி ஓட்ட ஆள் பற்றாக்குறை என்று, அங்கிருந்து சில ஓட்டுநர்களை மட்டும் இன்னொரு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட்டில் அனுப்பினார்கள். கடன் கொடுத்தார்கள் என்று சொல்வதுதான் சரி. மூன்று வாரம் என்று சொல்லி அனுப்பியது, திரும்பி வர 1972 பிப்ரவரி ஆகிவிட்டது. இந்த மூன்று மாதத்தில் அவருக்குச் சோறு போட்டது ஒரு யூனிட், சம்பளம் எழுதியது இன்னொரு யூனிட்.

படையில் ஒரு வீரனின் வாழ்க்கையில் நிகழும் ஒவ்வொன்றும், விடுப்பு, திருமணம், குழந்தை, இடமாற்றம், காயம் எல்லாமே, பார்ட் டூ ஆர்டர் என்னும் அன்றாட உத்தரவில் ஒரு வரியாக வெளியாக வேண்டும். அந்த வரியிலிருந்துதான் பதிவலுவலகம் அவனுடைய பணிப்பதிவேட்டை எழுதும். வரி வெளியாகாவிட்டால் அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை என்றே பொருள். போய்ச் சேர்ந்த யூனிட், இவர்கள் நம் ஆட்கள் இல்லை, அவர்கள் எழுதுவார்கள் என்று விட்டிருக்கும். அனுப்பிய யூனிட், ஆட்கள் இங்கே இல்லை, அங்கே எழுதுவார்கள் என்று விட்டிருக்கும். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது. இரண்டு மேசைகளுக்கு நடுவே விழுந்த காகிதத்தைக் குனிந்து எடுப்பது எந்த மேசையின் வேலையும் இல்லை என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் சிலரே இருப்பார்கள்.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இதைப் புரியவைக்க யுடிஆர் ஒன்றே போதும். 1979 முதல் 1987 வரை நடந்த அந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய பதிவேட்டிலிருந்து புதிய பதிவேட்டுக்குப் பெயர்களை மாற்றி எழுதும்போது எத்தனை பேருடைய பெயர் விட்டுப்போயிற்று, எத்தனை பேருடைய நிலம் பக்கத்து வயல்காரன் பட்டாவில் ஏறிற்று என்பது டெல்டாவில் வரப்பு வரப்பாகத் தெரியும். பாட்டன் காலத்திலிருந்து உழுதுகொண்டிருப்பவன் அதே வயலில் நின்றபடி, இது என்னுடையதுதான் என்று மனுப் போட வேண்டியிருந்தது. அந்த மனுக்களை நான் கையாண்டிருக்கிறேன். பட்டாவில் விட்டுப்போன பெயரைச் சேர்க்க டி.ஆர்.ஓ. என்று ஓர் அதிகாரி, மாவட்ட வருவாய் அலுவலர், இருக்கிறார். நிலமும் சாட்சியாக அங்கேயே கிடக்கிறது. பெரியப்பாவின் வழக்கில் வயல் வேறொரு நாட்டில் இருக்கிறது.

அந்த வயலைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். டிசம்பர் 3-ல் போர் மூண்டது. 16-ல் டாக்காவின் ரம்னா குதிரைப் பந்தயத் திடலில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்தார். ஏறத்தாழ 93,000 பேர் போர்க் கைதிகளானார்கள் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரியப்பாவின் போரில் நியாஸி கிடையாது. சக்திமான் லாரி, அதன் பின்னால் குண்டுப் பெட்டிகள், முன்னால் ஈரச் சேறு, இவ்வளவுதான். எல்லையைத் தாண்டிய முதல் நாள் காலையில் மூடுபனி விலகியதும், தான் ஊருக்கே திரும்பி வந்துவிட்டதாக ஒரு நொடி நினைத்தாராம். அதே தட்டையான நிலம், வாய்க்கால், வாய்க்கால் மேட்டில் வாழை, தென்னை, கீற்றுக் கொட்டகை. நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அவர்கள் ஆமன் என்று சொல்லும் அந்தப் போக நெல் அறுப்புக்கு வரும் மாதம் அது. அறுக்க ஆள் இல்லை. "கதிர் கொட்டுதுடா, தானா கொட்டுது. வண்டியை நிறுத்திட்டு இறங்கி அறுக்கலாமான்னு இருந்துச்சு" என்று அவர் சொல்லும்போது கை விரல்கள் தாளைப் பிடிப்பதுபோல மடங்கும்.

சேற்றில் லாரி இறங்கிவிட்டால், வடக்கிலிருந்து வந்த ஓட்டுநர்கள் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துச் சக்கரத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துவிடுவார்களாம். இவர் ஊரில் மாட்டு வண்டி இறங்கினால் செய்வதையே அங்கேயும் செய்தார். வாழை மரத்தை வெட்டித் தண்டை நெடுக்காகப் பிளந்து சக்கரத்துக்கு முன்னால் குறுக்காகப் போட்டு, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, மிதிக்காமல் முதல் கியரிலேயே மெல்ல நகர்த்துவது. ஹவில்தார் ஒருவர் முதலில் திட்டினாராம்; மூன்றாவது வண்டி ஏறியதும் "மதராஸியைக் கூப்பிடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால், "நான் சுட்டதெல்லாம் ரேஞ்சிலதான்" என்பதோடு முடித்துக்கொள்வார். முன்னால் போன வண்டி ஒன்று கண்ணிவெடியில் போனதை ஒரே ஒரு முறை சொன்னார். அதை ஓட்டியவர் பீகார்க்காரர் என்றும், முந்தின இரவு அவரிடமிருந்து வாங்கிய தீப்பெட்டி தன் சட்டைப் பையிலேயே இருந்தது என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் மனுவில் எழுத முடியாது. எழுதினால், ஆதாரம் எங்கே என்பார்கள். ஆதாரம் தேடியபோதுதான் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். கறுப்பு வண்ணம் அடித்து, மூடியில் வெள்ளை எழுத்தில் அவருடைய ஆர்மி நம்பரும் பெயரும் எழுதிய பெட்டி. அடியில், இறந்துபோன பெரியம்மாவின் கூறைப்புடவைக்குக் கீழே, நூல் கட்டிய கடிதக் கற்றை இருந்தது. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வரும் கடிதத்தைத் திண்ணையில் வைத்து என் அப்பா உரக்கப் படிப்பார். தூணைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா கேட்பார். ஆறு வயதுப் பையனாக நானும் அங்கே இருந்திருக்கிறேன். படிக்கத் தெரியாத ஒருத்தி எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள்.

மற்ற கடிதங்களிலெல்லாம் வடக்கத்தி ஊர் ஒன்றின் சாதாரணத் தபால் முத்திரை இருந்தது. 1971 டிசம்பர் தேதியிட்ட ஒரு கடிதத்தில் மட்டும் தபால்தலையே இல்லை. களத் தபால் நிலையத்தின் முத்திரை இருந்தது. அனுப்புநர் முகவரியின் கடைசியில் 99 ஏ.பி.ஓ., அதாவது ஆர்மி போஸ்ட் ஆபீஸ், என்று எழுதியிருந்தது. கிழக்கில் இருக்கும் படைகளுக்குக் கல்கத்தா வழியாகப் போகும் தபாலுக்கு அந்த எண். வடக்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்கு 56. இந்த ஓர் எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது ஆண்டுகளாகக் காகிதத்தோடு வாழ்ந்தவனுக்கு இதுதான் தங்கம்.

கடிதத்தைப் பிரித்தோம். "இங்கு எல்லாம் நம் ஊர் மாதிரியே இருக்கிறது. மழை இல்லை, பனி அதிகம். நெல் நிற்கிறது" என்று இருந்தது. தம்பியின் படிப்பு, பசு மாடு சினையாக இருந்ததே என்னவாயிற்று என்ற விசாரிப்பு. நடுவே ஒரு முழு வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. இடத்தின் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். போர்க்காலத் தணிக்கையில் அடித்துவிட்டார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மிக நன்றாக அடித்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்த ஒரு வரி வேண்டும் என்று படை எங்களிடம் கேட்கிறதோ, அந்த வரியை அதே படைதான் அன்றைக்கு அழித்திருக்கிறது. அவர்கள் செய்தது தப்பு என்று பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "எழுதினது என் தப்பு" என்றார்.

மனுக்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எல்லா மனுக்களின் கதையும்தான். மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தை எங்கள் பக்கத்தில் இன்னும் சோல்ஜர் போர்டு என்றுதான் சொல்கிறோம். விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும் என்று அங்கே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பதிவலுவலகத்திலிருந்து முதல் பதில் வர எட்டு மாதம் ஆயிற்று: சம்பந்தப்பட்ட காலத்தில் களப்பணி புரிந்ததற்கான பதிவு ஏதும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் கேட்டதற்கு, அந்தக் காலத்து யூனிட் உத்தரவுகள் தற்போது இருப்பில் இல்லை என்று வந்தது. கடித நகலோடு மூன்றாவது முறை எழுதினோம். அதற்கு வந்த பதில்தான் என்னைச் சிரிக்க வைத்தது. விண்ணப்பதாரரும் பதிவேட்டில் உள்ள படைவீரரும் ஒரே நபர்தானா என்று தெளிவுபடுத்தவும் என்று கேட்டிருந்தார்கள்.

பெரியப்பாவின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. அதுதான் எல்லா வினைக்கும் காரணம். ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்று தமிழர்களாகிய நமக்கே ஒரு முடிவு இல்லாதபோது, தமிழ் அறியாத எழுத்தர் என்ன செய்வார்? டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அது 'இசட்' ஒன்றோடு நிற்கிறது. ஓய்வூதிய உத்தரவில் 'எல்' ஆகியிருக்கிறது. ஆதாரில் 'இசட்', 'ஹெச்' இரண்டும் உண்டு. ட்ரங்குப் பெட்டியில் வண்ணம் அடித்தவர் எல்லாருக்கும் மேலே போய் 'ஆர்' போட்டிருக்கிறார். இவர்கள் நால்வரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று கேட்டு வந்தவர்களை, எங்களுக்கு அதற்கு அதிகாரம் இல்லை, நோட்டரியிடம் போங்கள் என்று எத்தனை முறை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்த்தேன். ஒரு வயதான அம்மாளின் முகம்கூட நினைவுக்கு வந்தது. கணவர் பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக மூன்று முறை நடந்தவர். மூன்றாவது முறை அவர் எதுவும் பேசாமல், மேசையின் விளிம்பைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வேலூர்ப் பக்கத்தில் பிறந்திருந்தால் இந்தச் சிக்கல் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அங்கே வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களுக்கு ராணுவ கிராமம் என்றே பெயர். எந்தப் படிவத்தில் எந்த வரியைச் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே திண்ணைப் பேச்சில் தெரிந்துவிடும். டெல்டாவில் நிலம் இருந்தவன் நிலத்தைப் பார்த்தான், இல்லாதவன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனான்; பட்டாளத்துக்குப் போனவன் ஊருக்கு ஒருவன். எங்கள் ஊரில் பெரியப்பாவுக்குப் பெயரே மிலிட்டரிதான். அவரோடு அந்த அட்டாச்மென்ட்டில் போன இன்னொரு தமிழர் வேலூர்க்காரர் என்பதால், அங்குள்ள முன்னாள் படைவீரர்கள் மூலம் ஒரே வாரத்தில் அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது. அவருக்கும் 1971-க்கான பதிவு விட்டுப்போயிருந்தது. ஆனால் ஊரில் யாரோ சொல்லி, ஓய்வு பெறுமுன்பே திருத்திவிட்டார். இவர் தன்னோடு இருந்தார் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். தொலைபேசியில் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள், பாதி இந்தியில். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. 2007-ல் இயற்றிய சட்டத்தின்படி இப்படிப்பட்ட குறைகளுக்காகவே ஏற்பட்டது. அங்கே போகலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். நானும் வற்புறுத்தினேன். "கேஸ் போட்டு வாங்குறதுக்கு இது என்ன வரப்புத் தகராறா?" என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இந்த விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உரிமையைக் கேட்க நீதிமன்றம் போவதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு இது உரிமைப் பிரச்சினையாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் ஒருவர் மறந்துவிட்டதை நினைவூட்டுவதுபோல அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆண்டுதோறும் நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். ஐப்பசி மாதத்தின் கடைசி நாளான கடைமுகமும் நவம்பர் நடுவில்தான் வருகிறது. ஆகவே பெரியப்பா இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்வார்: காலையில் காவிரியின் துலாக்கட்டத்தில் முழுக்கு, பத்து மணிக்கு லைஃப் சர்டிபிகேட். எண்பதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். சென்ற ஆண்டு அவருக்குக் காய்ச்சல். கடைமுகத்துக்குப் போக முடியவில்லை. மறுநாள் கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க முடியாத ஓர் அடியவர் துலா நீராடலுக்காக நெடுந்தூரத்திலிருந்து தவழ்ந்து வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துவிட்டிருந்தது என்றும், அவருக்காக இறைவன் ஒரு நாள் நீட்டித்துக் கொடுத்தார் என்றும் மாயவரத்தில் குழந்தைக்கும் தெரியும். படித்துறையில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே பெரியப்பா, "ஒரு நாள் லேட்டுக்கே அந்த ஆளு அழுதிருக்கான்" என்றார். நான் துண்டை நீட்டினேன்.

இடையில் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டுக்கோட்டை போயிருந்தோம். அங்கிருந்து கடற்கரையில் உள்ள மனோரா கோபுரத்துக்கு அழைத்துப் போனேன். அறுகோணத்தில் எட்டு அடுக்காக நிற்கும் அதைக் கட்டியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் படை வென்றதையும் கொண்டாடுவதற்காக 1814-ல் எழுப்பியது என்று கல்வெட்டு சொல்கிறது. பெரியப்பா அண்ணாந்து பார்த்தார்.

"அந்தச் சண்டைக்கு நம்ம ஆளுங்க போனாங்களா?"

"இல்லை பெரியப்பா."

"ராஜா போனாரா?"

"அவரும் போகலை."

"அப்ப யாருக்குடா இது?"

நட்புக்காகக் கட்டியது என்றேன். அவர் நெடுநேரம் சிரித்தார். காரில் ஏறியபிறகும் ஒரு முறை சிரித்தார்.

சலிப்புத் தட்டும்போதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மானெக்‌ஷா கதையைத்தான். அந்தப் போரை நடத்தியவர். 1973 ஜனவரியில் ஃபீல்ட் மார்ஷல் ஆனவர். அந்தப் பதவிக்கு உரிய ஊதியம் அவருக்கு முழுமையாக வந்து சேரவில்லை. நீலகிரியில் ஓய்வில் இருந்த அவருக்கு, 2007-ல்தான் நிலுவைத் தொகை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் காசோலையாக வந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் வெலிங்டனில் காலமானார். "சாப்புக்கே முப்பத்துநாலு வருஷம்" என்பார் பெரியப்பா. இதில் அவருக்கு எப்படி ஆறுதல் கிடைக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சென்ற மாதம் புதிய கடிதம் ஒன்று வந்திருக்கிறது. இதுவரை வந்தவற்றில் இதுதான் ஒரு மனிதர் படித்துவிட்டு எழுதிய பதில் என்று எனக்குப் பட்டது. 99 ஏ.பி.ஓ. என்ற எண்ணைக் கவனித்திருக்கிறார்கள். வேலூர்க்காரரின் திருத்தப்பட்ட பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போவதாகவும், அதற்காகக் கடிதத்தின் மூலத்தை அனுப்பிவைக்கும்படியும் கேட்டிருக்கிறார்கள்.

மூலம் என்ற சொல்லைப் படித்ததும் பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். ஒருமுறை போனால் அது திரும்பி வருமா என்பதை நான் சொல்ல முடியாது. எந்த மேசையில் எந்தக் கட்டுக்குள் போய்ப் படுக்கும் என்பதும் தெரியாது. அனுப்பாதீர்கள், சான்றொப்பமிட்ட வண்ண நகல் போதும் என்று எழுதுவோம் என்றேன். அவர் இரண்டு நாள் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் கடிதத்தை எடுத்துவந்து, ஒரு முறை முழுவதும் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்குக் கண் தெரியும். கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிப்பவர். திண்ணையில் உட்கார்ந்து, என் அப்பா படித்த அதே இடத்தில், நான் உரக்கப் படித்தேன். மை அடித்த வரி வந்ததும் நிறுத்தினேன். அந்த இடத்தில் ஓர் ஊரின் பெயரை அவர் சொன்னார். அதன் பிறகு மேலே படித்தேன்.

மாயவரம் தபால் நிலையத்தில் உறையைக் கொடுத்தோம். நகலைத்தான் அனுப்பினோமா, மூலத்தையா என்பதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரியை அவரே தன் கையால் எழுதியிருந்தார்: முதலில் ஆர்மி நம்பர், பிறகு பெயர், அதன் கீழே இன்றைய மாவட்டமும் பின்கோடும். பேரப் பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடும் அவருக்கு அந்த நம்பர் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியில் விவரங்களைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"தாத்தா, போன் நம்பர்ல மூணு நம்பர் விட்டுப்போயிருக்கு."

"அதுல எதுவும் விட்டுப்போகலம்மா" என்றார் பெரியப்பா.